பெட்டியைப் பார்க்காதீர்கள், கம்பத்தைப் பாருங்கள்

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போய்வருபவன் நான். கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு வழி. இந்தச் சாலையில் ஒரு உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ‘மின்சார வாகன ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன், விரைவில்’ என்று பலகை வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து முதல் வண்டி அங்கே சார்ஜ் ஏறும் வரைக்கும் போகவர அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது 24 யூனிட் பேட்டரி போட்ட டியாகோ. மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், ஊட்டியில் டாக்சி ஓட்டுபவர்கள், எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போ திறப்பாங்க?

அதற்குப் பதில் சொல்ல எப்படிப் பழகினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம், அது கொடைக்கானலோ ஏற்காடோ, இப்படி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தால் நீங்களே ஓரளவு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பளபளவென்று நிற்கும் சார்ஜர் பெட்டி ஒன்றுமே சொல்லாது. சாலையோரக் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மீட்டர் பெட்டியும்தான் சொல்லும்.

தினசரி ஓட்டத்துக்கு எனக்கு ஃபாஸ்ட் சார்ஜர் தேவையே இல்லை. ராத்திரி வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுவிட்டால் காலையில் ஊட்டி போய்வரத் தாராளம். கோயம்புத்தூர் போய்த் திரும்பும் நாளில்தான் சிக்கல். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் வேண்டும். என்னதான் நிதானமாக ஓட்டினாலும் இது குறையாது, பள்ளிக்கூட இயற்பியல். சக்கர உராய்வு, காற்று, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் அந்த 33 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு ஒன்பது பத்து யூனிட் ஆகிவிடும். என் வண்டியில் அது 40 சதவீதம். சமவெளியில் அதே 40 சதவீதத்தில் எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடியிருப்பேன். குஞ்சப்பனை தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஸ்கிரீனில் மிச்சத் தூரம் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து, முதல்முறை மலையேறும் வெளியூர்க்காரர்கள் ஏ.சி.யை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வெளியூர்க்காரர்கள்தான் இந்த ஸ்டேஷனுக்கு உண்மையான வாடிக்கையாளர்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். எங்கள் டி.என். 43 வண்டிகளுக்கு இது கிடையாது. அப்படி வரும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் கண்ணில் படுவது வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டேதான் இருக்கிறது, அவர்கள் எல்லாரும் மேலே வந்து சேரும்போது பேட்டரி பாதிக்குக் கீழேதான் இருக்கும், தங்கும் விடுதியில் பிளக் கிடைக்கிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம்.

இடம் பிடிப்பது சுலபமாக முடிந்தது. சார்ஜிங் ஸ்டேஷன் வைப்பது மின்சாரம் விற்பதாக ஆகாது, அதற்குத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உணவக உரிமையாளர் இடம் கொடுத்தார், ஒரு சார்ஜிங் நிறுவனம் சார்ஜரும் செலவும் போடுவதாக ஏற்பாடு, வருகிற வருமானத்தில் பங்கு. சார்ஜ் ஏறும் நேரத்தில் வண்டிக்காரர் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிடுவார் என்பது உரிமையாளரின் கணக்கு. அதில் தப்பே இல்லை, பின்னால் அது நன்றாகவே பலித்தது.

பலகையில் பார்க்க வேண்டியது ‘விரைவில்’ என்பதை அல்ல, கிலோவாட்டை. இங்கே 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு. கூட்டினால் 120. அப்போது தாழ்வழுத்த இணைப்பு 112 கிலோவாட் வரைக்கும்தான், அதைத் தாண்டினால் எச்.டி., அதாவது உயரழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர், தனி மீட்டர், மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று, எல்லாம் வேண்டும் என்று சைட் சூப்பர்வைசர் தம்பி முதல் வாரமே சொல்லிவிட்டார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், இதற்குமுன் சேலம் நெடுஞ்சாலையில் இதே வேலை பார்த்தவர். “ஒரே ஒரு அறுபதுன்னா எப்பவோ முடிச்சிருப்போம் சார், ரெண்டுன்னா கதையே வேற” என்றார். அதனால் உங்கள் ஊரில் ஒரு ஸ்டேஷன் வருகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது மொத்தம் எத்தனை கிலோவாட் என்பதுதான். 30, 60 என்றால் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் சக்தி மிச்சம் இருந்தால் சீக்கிரம் முடியும். 120, 240 என்றால் பொறுமை வேண்டும்.

கீழே ஊர்களில் இந்த வேலைக்கு ஒரு பொக்லைன் வந்து அரை நாளில் பள்ளம் பறித்துவிட்டுப் போய்விடும். நீலகிரியில் அப்படி நினைத்தவுடன் பொக்லைன் இறக்க முடியாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது நியாயம்தான். 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததை நேரில் பார்த்தவர்கள் யாரும் அதைத் தொந்தரவு என்று சொல்ல மாட்டார்கள். ஆக கடப்பாரையும் மண்வெட்டியும்தான். ஜார்க்கண்ட்டிலிருந்து வந்த நான்கைந்து பையன்கள் சாலையோரத்திலிருந்து சார்ஜர் மேடை வரைக்கும் கேபிள் பள்ளத்தைக் கையாலேயே வெட்டினார்கள். மேல் மண் வெண்ணெயாக வந்தது, முழங்கால் ஆழத்துக்குக் கீழே பாறை. அங்கே வேலை நத்தை வேகத்துக்குப் போய்விட்டது.

அதேபோல மரம். புது மின்கம்பி வரும் வழியில் தனியார் தோட்டத்து மரங்கள் இரண்டு குறுக்கே நின்றன. 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, சொந்த நிலத்து மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அனுமதிக்கு எழுதிக் காத்திருப்பதைவிடக் கம்பத்தைத் தள்ளி நடுவது மேல் என்று முடிவு செய்து, கம்பி போகும் வழியையே மாற்றினார்கள். செலவு கொஞ்சம் கூடியது, நேரம் மிச்சமானது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளம் வெட்டிய பிறகு மூடும் வரைக்கும் இன்னொரு தொல்லை. காட்டெருமை. கட்டபெட்டு, கோத்தகிரிப் பக்கம் இது தேயிலைத் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு ராத்திரி சாலையைக் கடந்து உலாத்தும். திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஒன்று இடறி விழுந்தால் அதற்கும் ஆபத்து, அடுத்து வனத்துறை விசாரணை. உணவகத்து வாட்ச்மேன் பெரியவர், பழைய தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி, பள்ளத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டித் துணி தொங்கவிட்டார். கான்ட்ராக்டர் செய்திருக்க வேண்டிய வேலை. “எனக்கு ராத்திரி தூக்கம் வரணுமில்ல” என்றார் பெரியவர்.

கேபிள் பதித்த முறையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அடியில் மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மணல், மேலே செங்கல் வரிசை, அதற்கும் மேலே மஞ்சள் எச்சரிக்கை டேப். பின்னாளில் யாராவது தோண்டினால் கேபிளில் கடப்பாரை படுவதற்குள் டேப்பும் செங்கல்லும் காட்டிக்கொடுத்துவிடும். இதை மண்ணோடு மண்ணாகப் போட்டு மூடிய இடங்களையும் கீழே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் நடக்கும்போது பள்ளம் மூடுவதற்குள் ஒரு தடவை நின்று பாருங்கள், அந்த ஸ்டேஷன் பிற்பாடு அடிக்கடி படுக்குமா படுக்காதா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

எர்த்திங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மண் வேலையில் அதிக நாள் இழுத்தது அதுதான். மின்சாரக் காருக்கு எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளவே மறுத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தால் எர்த் நன்றாக வேலை செய்யும், பாறையில் செய்யாது. குழி தோண்டி, குழாயோ தகடோ இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய் விட்டு மூடுவார்கள். முதலில் போட்ட குழிகளைக் கோடைக்கு முன்னால் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தபோது தடையின் அளவு அதிகமாகவே நின்றது. எர்த்தில் தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சரிவின் மேல்பக்கம் பாறைதான், கீழ்ப்பக்கம் தோட்டத்து ஓடையை ஒட்டி மண் ஆழமாக இருந்தது, அங்கே இன்னும் சில குழி போட்டுக் கம்பி இழுத்து இணைத்த பிறகுதான் சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பு வந்தது. வீட்டில் சார்ஜர் வைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மலையில் பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பல சமயம் ஒன்றுமே இருக்காது. வண்டி வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்துவிடுங்கள், பாறைமேல் வீடு என்றால் அதற்கென்று ஒரு தொகையையும் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் பெட்டிகள் ஏப்ரலில் வந்தன. லாரியிலிருந்து இறக்கி, மேடையில் போல்ட் முடுக்கி, மேலே கூரை போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கோடு அடித்து, வண்டி சக்கரம் முட்ட ரப்பர் கட்டையும் வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் இன்றைக்கோ நாளைக்கோ என்றார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை, காரணம் எதிர்ச் சாலையோரத்தில் உயரழுத்த லைன் வந்து சேர வேண்டிய இரட்டைக் கம்பம் இன்னும் நடப்படவே இல்லை. மண்டபம் கட்டி வாழைமரமும் கட்டியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் ஆள் அனுப்பவில்லை என்கிற நிலைமை. நிறுவனமோ, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி தொடங்கும்போது திறந்துவிடுவோம் என்று உணவக உரிமையாளரிடம் சொல்லியிருந்தது. காய்கறிக் கண்காட்சி முடிந்தது, ஊட்டி மலர்க் கண்காட்சியும் முடிந்தது, சீசனே முடிந்து மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகள் மேல் பிளாஸ்டிக் உறை போட்டபடியே கிடந்தன. தினமும் நாலு பேர் வண்டியைத் திருப்பி உள்ளே வந்து, உறையைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போவார்கள். பெரியவர்தான் அவர்களுக்குப் பதில் சொன்னார்.

ஏன் இழுத்தது என்பதைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எச்.டி. இணைப்பில் வேலை இரண்டு தண்டவாளமாக ஓடுகிறது. வெளியிலிருந்து 11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் லைன் வந்து மீட்டர் வரைக்கும் ஒரு பக்கம். மீட்டருக்கு உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர், பேனல், கேபிள் எல்லாம் வாடிக்கையாளரின் சொந்தப் பொறுப்பு, அது இன்னொரு பக்கம். உள்பக்க வேலைக்கு முதலில் வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்த பிறகு மின் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும், அதன் பிறகே இணைப்பு. இங்கே அந்த நிறுவனம் சார்ஜரை முதலில் வாங்கிவிட்டு டிரான்ஸ்பார்மரைக் கடைசியில் ஆர்டர் கொடுத்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் கடையில் போய் எடுத்துக்கொண்டு வருகிற பொருள் இல்லை, செய்து சோதித்துத்தான் அனுப்புவார்கள். எர்த் அளவு சரியில்லாததால் வரைபடத்தில் திருத்தம் வேறு. திட்டமிடுகிறவர் ஒருவர் சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து எல்லா ஊருக்கும் ஒரே அட்டவணை போட்டால் இப்படித்தான் ஆகும், பாறைக்கும் மழைக்கும் அந்த அட்டவணை தெரியாது.

ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். புது மின் இணைப்பு கொடுக்க மத்திய விதிகளில் காலக்கெடு உண்டு. 2024 பிப்ரவரித் திருத்தப்படி பெருநகரத்தில் 3 நாள், நகராட்சியில் 7, கிராமத்தில் 15, மலைப்பகுதிக் கிராமத்துக்கு 30. இதைப் படித்துவிட்டு “முப்பது நாள்ல குடுக்கணுமே” என்று ஒரு நண்பர் சண்டைக்கே வந்தார். லைனை நீட்ட வேண்டிய இடத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தவிர, விண்ணப்பம் எல்லாக் காகிதங்களோடும் முழுமையாகப் போன நாளிலிருந்துதான் எண்ண ஆரம்பிப்பார்கள். பலகை வைத்த நாளிலிருந்து இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பைக்காராவில் 1932லிருந்து தண்ணீர் விழுந்து மின்சாரம் பிறக்கிறது, குந்தாவின் மின் நிலையங்கள் அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இங்கிருந்து கீழே கோயம்புத்தூர் மில்களுக்கு எத்தனை தலைமுறையாகக் கரண்ட் இறங்கியிருக்கிறது. அதே மலையில் இரண்டு கார்ப் பெட்டிக்குக் கரண்ட் வர ஒரு சீசனையே கோட்டைவிட்டோம். யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை, நினைத்தால் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

ஆடி மழையில் வேலை ஏறக்குறைய நின்றேபோனது. பனிமூட்டமும் சாரலும் சேர்ந்தால் கம்பத்தின் மேல் ஆள் ஏற்ற முடியாது. ஒரு நாள் வெயில் வந்தால் ஓடிவந்து அரை வேலை, மறுபடி மழை. அந்தச் சமயத்தில்தான் வழியில் ஒரு லைன்மேன் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்ன வரிசையைத்தான் அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: இரட்டைக் கம்பம் நின்றால் பாதி வந்துவிட்டது, டிரான்ஸ்பார்மர் மேடையேறினால் முக்கால், மீட்டர் பெட்டிக்கு சீல் வைத்துவிட்டால் எண்ணி நாலு நாளில் விளக்கெரியும். நடுவில் அதிகாரி மாதிரி ஒருவர் ஃபைலோடு வந்து எர்த் குழி மூடியையெல்லாம் திறந்து பார்த்தால் அது ஆய்வு, அன்றைக்கு ஏதாவது குறை எழுதினாரா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்த வரிசையில் சார்ஜர் பெட்டிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆப்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். வரைபட ஆப்களில் ‘விரைவில்’ என்று மாதக்கணக்கில் கிடக்கும், சில சமயம் நிறுவனத்தின் சொந்த ஆப்பிலேயே கரண்ட் வருவதற்கு முன்பே ‘கிடைக்கும்’ என்று காட்டிவிடுவார்கள், அதை நம்பிக் குன்னூரிலிருந்து ஒருவர் வந்து திரும்பிப் போனார். நேரில் பார்க்க முடிந்தால் ஸ்கிரீனைப் பாருங்கள். ஸ்கிரீன் எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. எரிந்தும் ஆப்பில் ஆஃப்லைன் என்று இருந்தால் நெட்வொர்க் பாக்கி. சார்ஜருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது, அது நிறுவனத்தின் சர்வரோடு பேசித்தான் யார் சார்ஜ் போடுகிறார்கள், எத்தனை யூனிட், எவ்வளவு காசு என்று கணக்கு வைக்கிறது. எங்கள் பக்கம் ஒரு வளைவில் நாலு கோடு சிக்னல், அடுத்த வளைவில் பூஜ்யம். இங்கேயும் முதலில் போட்ட சிம் வேலைக்கு ஆகவில்லை, வேறு கம்பெனி சிம் மாற்றி, ஆன்டெனாவைக் கூரைக்கு மேல் ஏற்றிய பிறகுதான் நிலைத்தது. உங்கள் போனுக்கும் அதே கதிதான். பணத்தை முன்கூட்டியே ஆப் வாலட்டில் போட்டுவையுங்கள், சார்ஜரில் காட்டினாலே சார்ஜ் தொடங்கும் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு தருகிற நிறுவனம் என்றால் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். பேமென்ட் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது மழையில் நனைவது நாம்தான்.

ஒரு வழியாக மழை ஓய்ந்த பிறகு சீல் வைத்தார்கள், சொன்ன மாதிரியே சீக்கிரம் விளக்கெரிந்தது. ரிப்பன், குத்துவிளக்கு எதுவும் இல்லை. ஒரு டெக்னீஷியன் தன் காரைக் கொண்டுவந்து இரண்டு சார்ஜரிலும் எல்லாக் கன்னையும் (கேபிள் நுனியில் காரில் செருகும் கைப்பிடி) மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார், சாயங்காலம் ஆப்பில் பச்சை வந்துவிட்டது.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயம். 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் எவ்வளவு வாங்குவது என்பதை வண்டிதான் முடிவு செய்கிறது. என் டியாகோ பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும், அதாவது சராசரி 17, 18 கிலோவாட்தான். 240 கிலோவாட் சார்ஜரில் போட்டாலும் அதே ஒரு மணி நேரம். பெரிய பேட்டரி வண்டிக்காரர்கள் வேறு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் இரண்டும் ஓடும்போது சக்தி பாதி பாதியாகப் பிரியும். அதனால் இன்னொரு பெட்டி காலியாக இருக்கும்போது ஏற்கெனவே ஒருவர் போட்டிருக்கும் பெட்டியில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள், அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிகளில் பேட்டரி விறைத்துப்போய் மெதுவாகத்தான் வாங்கும். கீழிருந்து ஏறி வந்த கையோடு போட்டால் பேட்டரி சூடாக இருக்கும், வேகமாக ஏறும். காலையில் எழுந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அதே அளவுக்குக் கூடுதல் நேரம் உட்கார வேண்டும். விலை யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டால் கொள்ளைதான், ஆனால் டிரான்ஸ்பார்மரும் எர்த் குழியும் போட்ட செலவைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை.

திடீரென்று சார்ஜர் சிவப்பு விளக்கோடு நின்றால் உடனே ஊரைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். சுற்றுலா வரும் குழந்தைகளுக்குப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு அவசரப் பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. புகை, வாசனை, தண்ணீர் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, பொத்தானைத் திருகினால் வெளியே வந்துவிடும், சார்ஜர் மறுபடி உயிர்பெறும். சார்ஜ் முடிந்ததும் கன்னை அதற்குரிய கூட்டில் திரும்ப மாட்டுங்கள். கீழே போட்டுவிட்டுப் போனால் சாரலும் பனியும் உள்ளே இறங்கி, அடுத்து வருகிறவருக்கு எர்த் கசிவு என்று காட்டி நின்றுவிடும். எங்கள் ஸ்டேஷனில் இதுவரை வந்த கோளாறில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். மூன்றாவது, மரம் விழுந்து லைனே போவது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, காற்று மழை நாளில் மலையேறினால் அடுத்த சார்ஜரை எட்டுகிற அளவுக்காவது பேட்டரியில் மிச்சம் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஊர் திரும்புகிறவர்கள் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். எண்பதுக்கு மேல் வேகமும் குறைகிறது, பின்னால் ஒருவர் காத்திருப்பார், அதெல்லாம் ஒரு பக்கம். மலையிறங்கும்போது காலைத் தூக்கினால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து அந்த ஆற்றலைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது எனக்கு ஏழெட்டு சதவீதம் கூடியிருக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு வாங்க இடமில்லை, அந்த இழுவை குறைந்துவிடும், சில வண்டிகளில் வேலையே செய்யாது. பெட்ரோல் வண்டி மாதிரி இரண்டாவது கியரில் போட்டு இறங்கவும் வழி கிடையாது. முழுப் பாரத்தோடு வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்க வேண்டியதாகும். கர்நாடகா வண்டி ஒன்றில் வந்த குடும்பம் இங்கே நூறு ஏற்றிக்கொண்டு போய், குஞ்சப்பனைக்கு மேலே பிரேக் வாசனை வந்து பயந்து ஓரம் கட்டி நின்றதாக அங்கே டீக்கடையில் சொன்னார்கள். இப்போது பெரியவரே இறங்குகிற வண்டி என்று தெரிந்தால் போய்ச் சொல்லிவிடுகிறார்: “சார், எண்பதுல கழட்டிடுங்க, மிச்சத்த ரோடே குடுக்கும்.”